கார் பார்க்க வந்தவள்

இந்த மாதம் இன்னும் ஒரு கார் விற்காவிட்டால் ஷோரூமை மூடிவிடுவதாகத் தலைமை அலுவலகம் மிரட்டியிருந்தது. அதனால், மின்சாரக் கார் பார்க்க வந்தவளை மேலாளர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கதவு கதவாகத் திறந்து காட்டினார். அலுக்காமல் மூன்று முறை ஓட்டிப் பார்க்க விட்டார்.

"பிடிச்சிருக்கு சார்" என்றவள், அவர் கண்ணெதிரிலேயே செல்போனை எடுத்து கம்பெனி ஆப்பில் காரைப் பதிவு செய்தாள்.

மேலாளர் பதறிப்போய்க் குறுக்கே கை நீட்டினார். "ஐயோ மேடம், அதுல வாங்கினா எங்க கணக்குல வராதே! ஷோரூமையே மூடிடுவாங்க!"

"தெரியும் சார். 'இனிமே எல்லாரும் போன்லயே வாங்கிடுவாங்க, விக்கிறதுக்கு ஆள் எதுக்கு?'ன்னு போன வருஷம் ஒரு சேல்ஸ்மேனை எல்லார் முன்னாடியும் வெளிய அனுப்பினீங்களே... அவர்தான் எங்க வீட்டுக்காரர்."

அவள் செல்போனைக் கைப்பையில் போட்டாள்.

"இப்ப டாக்ஸி ஓட்டறார். இந்த வண்டி அவருக்குத்தான். கடையை மூடற அன்னிக்கு ஒரு போன் போடுங்க சார், உங்களை வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றேன்."