தோளில் ஒரு கை

மனைவி இறந்தபின் வீட்டில் தெலுங்கு நின்றுபோயிற்று. இளமாறன் பேசுவது தமிழ்தான். எட்டு வயது சிந்தூரிக்கு அம்மாவின் மொழி மறந்துவிடும் என்றே பயந்திருந்தான்.

மாலையில் அவளை அழைத்துவர மாண்டிசோரி பள்ளிக்கு ஆட்டோவில் போனான். சிந்தூரி பாயில் உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த, தெலுங்கு மட்டுமே தெரிந்த புதுக் குழந்தையின் விரலைப் பிடித்து, உப்புத்தாளில் வெட்டிய தெலுங்கு எழுத்தின்மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். தெலுங்கிலேயே கொஞ்சினாள். அழுகை நின்றது.

"சிந்து..."

ஆசிரியை தடுத்தார். "வேலையா இருக்கா சார். இங்க கூப்பிடக் கூடாது. தோள்ல கை வெச்சு நில்லுங்க, அவளே திரும்புவா."

குனிந்து வைத்தான். அவள் திரும்பாமலே அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆகு நான்னா."

'பொறு அப்பா' என்று தெலுங்கில். பொறுக்கச் சொல்லி அவள் அம்மா போடும் அதே அதட்டல்.

வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று கையை எடுக்காமல் நின்றான்.