ஆறு மில்லி

"சரி நவநீதா, அந்த ஆறு மில்லி யார் பங்குல போகும்?"

கருப்புசாமி இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன். பட்டறைக்கு வந்தவங்களைப் பார்த்துச் சிரிச்சா பொழப்பு என்னத்துக்கு ஆகறது?

விசயம் இதுதான். கருப்புசாமியும் பிரசாத்தும் அண்ணன் தம்பி. குன்னூர் மார்க்கெட்ல தேயிலைத் தூள் கடை. இப்ப ஊட்டைப் பிரிக்கறாங்க. சமையல்கட்டுக்கு நடுவுல சுவர் வருது. அதனால மேடை மேல இருந்த வெள்ளைப் பலகையைக் கழட்டி, பிக்கப்ல ஏத்தி, வால்ல செவப்புத் துணி கட்டி, என்கிட்டக் கொண்டாந்துட்டாங்க. சரிபாதியா வெட்டணுமாம்.

ரெண்டு வருசம் முன்னாடி அதை மாட்டினவனே நான்தான். கிரானைட் இல்லை, சாலிட் சர்ஃபேஸ்னு பிசின்ல வார்த்த செயற்கைக் கல்லு. ஒரு ஷீட்டு எட்டாம, ரெண்டு துண்டைப் பசை போட்டு ஒட்டி, தேய்ச்சு, ஒரே பலகையாக்கினேன். ஊட்டுப் பொம்பளைக ரெண்டு பேரும் ஒட்டின கோட்டை விரலால தடவித் தடவித் தேடினாங்க. அகப்படலை. பெருமை தாங்காம அன்னிக்கு நானும் என்னென்னமோ அளந்து விட்டேன்.

அதை நானே வெட்டணும்னா வயிறு எரியாதா?

"சி.என்.சி. மிசின்ல சுத்தி வெட்டற பிட்டு ஆறு மில்லி தடிமனுங்க," ன்னேன். "போற வழியில அவ்வளவையும் பொடியாக்கிட்டுத்தான் போகும். ஆளுக்கு மூணு மில்லின்னு வெச்சுக்கோங்க."

"நான் எதுக்குக் குடுக்கணும்? சண்டையை ஆரம்பிச்சவன் பங்குல எடுக்கச் சொல்லு. அவன்கிட்ட நீயே சொல்லு."

அவன் நாலடி தள்ளித்தான் நிக்கறான்.

"காட்டுமாடு தோட்டத்துல பூந்தன்னிக்கு கேட்டைச் சாத்தாம வந்தது யாருன்னு அவரைக் கேளுங்கண்ணா," ன்னான் பிரசாத்.

சண்டைக்கு மூலமே அந்த மாடுதான். அது பீன்ஸைத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. இவங்க ரெண்டு பேரும் மழைக்காலத்துல இருந்து பேசறதில்லை. நடுவுல நான் தபால்காரன்.

"இன்னொண்ணுங்க. தொட்டி ஓட்டை அண்ணன் பக்கம் வருது, அடுப்பு ஓட்டை தம்பி பக்கம் வருது. ஒரு ஊட்ல ஆக்கி இன்னொரு ஊட்லயா கழுவுவீங்க?"

"இல்லாததைப் புதுசா வெட்டிரு. வெட்டுன ஓரத்தைக் கையில குத்தாம தேய்ச்சு உருட்டிரு. அவனுக்கும் சேர்த்துத்தான்னு சொல்லு."

சொன்னேன். வேற வழி?

சாயங்காலம் ஒரு போன். கனகமணி அக்கா, கருப்புசாமி சம்சாரம்.

"தம்பி, எங்க துண்டுல வெட்டுன ஓரத்தை உருட்டாதீங்க. நேராவே விட்டுருங்க. இவருக்குத் தெரிய வேண்டாம். இந்துகிட்ட மூச்சு விட்டுறாதீங்க."

"கையில குத்துமேக்கா."

"குத்துனாக் குத்திட்டுப் போகுது."

எனக்குப் புரிஞ்சு போச்சு. உருட்டினா மேல்பக்கம் ஒரு நூல் தேயும். அதைக்கூட விட மனசில்லை.

மறுநாள் கதவைத் திறக்கறேன், வாசல்ல இந்து. பிரசாத் சம்சாரம்.

"அண்ணா, எங்க பக்கத்து ஓரத்தை உருட்ட வேண்டாங்ணா. அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

'உனக்குமாம்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினேன்.

ஒரே அடுப்புல சமைச்சவங்க. இன்னிக்கு நூலுக்கும் மில்லிக்கும் அடிச்சுக்கறாங்க. ஊட்டைப் பிரிச்சது அண்ணன் தம்பியும் இல்லை, காட்டுமாடும் இல்லை, இந்த ரெண்டு பேரும்தான்னு முடிவு கட்டிட்டேன்.

ஆத்திரத்தோடயே பலகையை மிசின்ல ஏத்தினேன். பிட்டு சுத்துச்சு, வெள்ளைப் பொடி பறந்துச்சு. ஒரு டீ குடிக்கற நேரம்கூட ஆகலை, ஒண்ணு ரெண்டாயிடுச்சு. கேட்ட ஓட்டைகளையும் போட்டு வெச்சேன்.

எடுத்துட்டுப் போக நாலு பேரும் வந்தாங்க. கருப்புசாமி ஓரத்தைத் தடவினதும் கையை இழுத்துக்கிட்டாரு.

"ஏன் நவநீதா, உருட்டச் சொன்னேனே?"

"எங்களுதும் உருட்டலைங்ணா," ன்னான் பிரசாத், என்னைப் பார்த்து.

அதுக்கு மேல என்னால முடியலை.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? உங்க ஊட்டுக்காரங்களைக் கேளுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா உருட்டாதேன்னு சொன்னாங்க. மூணு மில்லி போனதே பெருசு, உருட்டினா இன்னும் குறைஞ்சிரும்னு பயம்."

கனகமணி அக்கா இந்துவைத் திரும்பிப் பார்த்தாங்க.

"நீயும் சொன்னியா?"

"நீங்களுமாக்கா?"

இந்துவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்கிட்டத் திரும்பினா.

"நீங்கதானேண்ணா பலகை மாட்டின அன்னிக்கு ஊட்ல வந்து சொன்னீங்க? ஓரம் நேரா இருந்தா எப்ப வேணாலும் ஒட்டிக்கலாம், கோடே தெரியாது, உருட்டிட்டா ஒட்டாதுன்னு."

மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. மிசின் மேல கெடந்த பொடியை ஊதிக்கிட்டு நின்னேன்.

"ரெண்டு அடுப்பும் ரெண்டு தொட்டியும் இருந்துட்டுப் போகுது," ன்னாங்க கனகமணி அக்கா, யாரையும் பார்க்காம. "தீபாவளிக்குப் பலகாரம் சுட ஆகும்."

கருப்புசாமி தொண்டையைக் கனைச்சாரு. நான் அவருக்கு முன்னாலயேதான் நிக்கறேன். என்னை விட்டுட்டுத் தம்பி பக்கம் திரும்பினாரு.

"டேய் பிரசாத், ஒட்டினா காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அவன்கிட்டக் கேளு."