எட்டாவது பூச்சு

உள்ளே வந்ததும் பெயிண்டர் சுவரோரம் கிடந்த முதல் பெஞ்சை இழுத்து வாசல் பக்கம் போட்டார். மற்ற பெஞ்சுகளைத் தொடவே இல்லை.

"பெயிண்ட் சொட்டும்னு நகர்த்துறியா? அது புதுசா சேர்ந்த வாண்டுங்க பெஞ்சு, லேசாத்தான் இருக்கும். மத்ததையும் நகர்த்துப்பா" என்றார் தலைமையாசிரியை. "இன்னைக்கே முடிச்சாகணும். மாசக் கடைசிக்குள்ள செலவழிக்கலைன்னா அரசாங்கப் பணம் வந்த வழியே திரும்பிப் போயிடும்."

பெயிண்டர் டப்பாவைத் திறக்கவில்லை.

"நான் அடிக்க மாட்டேன், டீச்சர்."

பள்ளிக்கு அன்று விடுமுறை. ஒன்றாம் வகுப்பு அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். தலைமையாசிரியைக்குச் சுர்ரென்று ஏறியது.

"கூலி பத்தலைன்னா நேரா கேளு. எதுக்கு இந்த முறுக்கு?"

"கூலியைப் பத்தி இப்ப யார் பேசினா?"

பட்டித் தகட்டை எடுத்துச் சுவரைச் சுரண்டினார். அப்பளம் போல உப்பியிருந்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாருங்க. போன வருஷம் நீலம். அதுக்குக் கீழ மஞ்சள். அதுக்கும் கீழ ரோஸ். ஏழு வருஷமா நான் அடிச்சதுதான். மழை வந்தா இதே இடத்துல ஊறி, இதே இடத்துல உரியுது. தண்ணி மேல இருந்து இறங்குது டீச்சர்! சுவத்துக்குப் பவுடர் பூசி என்ன ஆகப் போகுது?"

"நீ பெயிண்டரா, இன்ஜினியரா?" தலைமையாசிரியை கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் அடித்தார். "வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ எடுத்து மேல அனுப்பணும். மொட்டை மாடியைச் சரி பண்ணி போட்டோ எடுத்தா என்ன தெரியும்? வெறும் சிமென்ட் தரை தெரியும். பணம் எங்க போச்சுன்னு என்னைத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க!"

"அப்ப இந்தப் பணம் போட்டோவுக்கு வந்ததா, பிள்ளைங்களுக்கு வந்ததா?"

"வாயை அடக்கிப் பேசு!"

பெயிண்டர் வாயை அடக்கினார், கையை அடக்கவில்லை. பிரஷ் கட்டிய நீளக் கழியைத் திருப்பிப் பிடித்து, மேல்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. இன்னொரு தட்டுக்கு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, சற்று முன்பு வரை பெஞ்சு கிடந்த இடத்தில் விழுந்து சிதறியது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

"ஐயையோ!" தலைமையாசிரியை இரண்டடி பின்வாங்கினார்.

"உங்க பையன் தினமும் வேன் ஏறி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறான்னு ஊருக்கே தெரியும். அவன் இந்த இடத்துல உக்காந்து படிச்சா, பெயிண்ட் அடிடான்னு சொல்லுவீங்களா?"

தலைமையாசிரியைக்கு அறைந்த மாதிரி இருந்தது. விடுவிடுவென்று தன் அறைக்குப் போய், அரசாணையைக் கொண்டுவந்து நின்றபடியே வரி வரியாகப் படித்தார்.

"பராமரிப்புன்னுதான் போட்டிருக்கு. பெயிண்ட்னு எவனும் எழுதல. நானா ஏழு வருஷமும் எழுதியிருக்கேன், படத்துல பளிச்சுன்னு தெரியட்டும்னு. சீ, வெட்கக்கேடு!"

அங்கேயே நின்று கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"கொத்தனாரே, உடனே கிளம்பி வாங்க. ஒண்ணாங்கிளாஸ் மேல இருக்கிற தளத்தை உடைச்சு ஒழுங்காப் போடணும். ஓட்டையை அடைச்சிட்டுப் போற வேலை வேணாம். இந்த வருஷம் இந்த ரூம், அடுத்த வருஷப் பணத்துல அடுத்த ரூம். இனிமே இங்க ஒரு சொட்டு இறங்கக் கூடாது. வேலை முடியற வரைக்கும் பிள்ளைங்க என் ரூம்ல உக்காரட்டும். போட்டோவா? அதை நான் பார்த்துக்கறேன். கேக்கறவங்களை மாடிப்படி ஏத்திக் காட்டறேன்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பெயிண்டர் டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார்.

"வந்த வேலையை வேணாம்னு சொல்ல யாருக்குப்பா மனசு வரும்? உன்னைப் போய் என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

பெயிண்டர் வாசலருகே கிடந்த அந்தச் சின்ன பெஞ்சின் மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் துண்டால் துடைத்தார்.

தலைமையாசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா, தண்ணி மேல இருந்து இறங்குதுன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் வருஷமே தெரியும்."

"முதல் வருஷமேவா? தெரிஞ்சேதான் ஏழு தடவை அடிச்சியா? எத்தனை பிள்ளைங்க இதுக்குக் கீழ உக்காந்து எழுந்து போயிருக்கு! அப்பல்லாம் ஏன்யா வாயைத் திறக்கல?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் பெயிண்டர்.

"என் பொண்ணை நேத்துதான் இங்க சேர்த்தேன், டீச்சர்."