பெருவிரல் எழுத்து

கனகதாஸ் வலது காலை நீட்டிக் காற்றில் எழுதிக்கொண்டிருந்தபோது, வாசலில் தம்பி எலியா வந்து நின்றான்.

கணுக்கால் தசைநார் பிசகி ஐந்து மாதம். பாறசாலையில் பிசியோதெரபி செய்யும் லிஜா சொல்லிக்கொடுத்த பயிற்சி இது. நாற்காலியில் உட்கார்ந்து, பெருவிரலைப் பேனாவாக நினைத்து, பெரிய பெரிய எழுத்தாக எழுத வேண்டும்.

முதல் நாளே கனகதாஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தமிழ், வேதபுத்தகத்தின் எழுத்து; காலால் எழுதமாட்டார். மலையாளம், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எழுத்து, அதையும் எழுதமாட்டார். இங்கிலீஷ் என்றால் பாதகமில்லை.

"ஏதானாலும் காலு அசைஞ்சா மதி பாட்டா," என்றாள் லிஜா. வயதானவர் எல்லாரும் அவளுக்குப் பாட்டாதான். "காரோடு ஊருல ஒரு பாட்டா உண்டு. விழப்போன ஆளைப் பிடிக்கப் போயி, தனக்க காலைத் திருப்பிக்கிட்டாரு. எழுதி எழுதியாக்கும் பாதி சொகமானது."

ஏ முதல் இசட் வரை ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. பிறகு அவராகவே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். அதை எழுதத் தொடங்கியதும் காலுக்கு ஒரு வேகம் வந்தது. வீக்கம் வற்றியது.

வியாழக்கிழமை பேத்தி சோனாவின் கல்யாணம். மணப்பெண்ணைக் கோயிலுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போவது அந்தக் குடும்பத்தில் மூத்தவரின் உரிமை. கம்பு ஊன்றிப் போன மூத்தவர் இதுவரை இல்லை. மூத்தவரால் முடியாவிட்டால் அடுத்தவர். எலியா கோட்டே தைத்துவிட்டான் என்று சபை முழுக்கப் பேச்சு.

இந்தக் கால் போனதும் எலியாவால்தான்.

கோயில் கல்வெட்டில் தம்பியின் பெயர் தன் பெயருக்கு மேலே வந்ததிலிருந்து கனகதாஸ் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்து மாதம் முன்பு ஆராதனை முடிந்து இறங்கும்போது அவன் படியில் நின்றான். இவர் முகத்தைத் திருப்பினார். படி தப்பியது. யாரோ தோளை எட்டிப் பிடித்தார்கள். யாரென்று பார்க்காமலே அந்தக் கையை உதறிவிட்டார். பார்த்தால் எலியா நின்ற பக்கம் திரும்ப வேண்டியிருக்குமே.

இப்போது எலியா நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். வீட்டுக்குள் வந்து தன் நடையைக் கேலி செய்கிறான் என்று கனகதாஸுக்குக் காது சிவந்தது.

"காலு எப்பிடி உண்டுண்ணு பாக்க வந்தேன் அண்ணா."

"வியாழாச்ச நடக்கும்போ பாரு. ஒனக்க கோட்டை அலமாரில தூக்கு."

கால் முக்க உப்புப் போட்ட சுடுவெள்ளத்தைப் பேசினில் கொண்டுவந்து வைத்த மனைவி லீலாபாய், இருவரையும் பார்த்துவிட்டு, "பேசுனது போரும், எழுதுங்க. நிறுத்தினா லிஜா சத்தம் போடுவா," என்று அடுக்களைக்குப் போனாள்.

பெருவிரல் மறுபடி எழுதியது. இங்கிலீஷில் நான்கு எழுத்து. திரும்பத் திரும்ப அதே நான்கு.

எலியாவின் கண் விரலோடு போனது. உதடு அசைந்தது. நான்காவது முறையில் அவன் படித்துவிட்டான்.

எலியா. எலியா. எலியா.

கனகதாஸ் மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார்.

எலியா எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். வேட்டியை ஒதுக்கி, இடது காலை நீட்டினான். கணுக்காலில், கனகதாஸ் போட்டிருந்ததைப் போலவே ஓர் எலாஸ்டிக் உறை.

அவனுடைய பெருவிரலும் எழுதத் தொடங்கியது.

கே. ஏ. என். ஏ.

நீளமான பெயர். இனிஷியலோடு எழுதினான். ஓர் இடத்திலும் தடுமாற்றமில்லை. மாதக்கணக்கில் எழுதிப் பழகிய கால் அது.

கனகதாஸின் விரல் அந்தரத்திலேயே நின்றது. கை தானாகப் போய், அன்று யாரோ பிடித்த தோளைத் தொட்டது.

பிறகு முதுகை நிமிர்த்தி, அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"லீலா, இன்னொரு பேசின்ல சுடுவெள்ளம் எடு. வியாழாச்ச நம்ம குடும்பத்துல ஒருத்தனும் நொண்டப்பிடாது."