பூட்டு ஊசி

செல்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்காதபடி பூட்டி, முதுமையை நிறுத்திவிடும் ஊசியை ரோஷினி போட்டுக்கொண்ட நாளிலிருந்து, மூத்த ஓரகத்தி பிருந்தாவுக்கு வயிற்றெரிச்சல்தான். நாற்பத்தைந்து வயதிலும் ரோஷினிக்கு ஒரு நரை இல்லை.

ரோஷினியின் மகன் விபத்தில் பிழைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக இருவருமே வேண்டியிருந்தார்கள். பையன் பிழைத்துவிட்டான்; இருவரும் பழனி மொட்டை மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னியோட உன் அழகு அம்பேல்டி!” உள்ளுக்குள் குளிர்ந்துபோய்ச் சீண்டினாள் பிருந்தா. “கவலைப்படாத, ஆறு மாசத்துல வளந்துடும்.”

“உனக்கு வளரும்க்கா. பூட்டின செல்லு ரெண்டாப் பிரியாது. எனக்கு இனிமே முளைக்கவே முளைக்காது,” என்று சொல்லிவிட்டு, ரோஷினி சிரித்தபடியே கத்திக்குத் தலையைக் குனிந்தாள்.

கருகருவென்ற கூந்தல் கொத்துக் கொத்தாக விழுந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த பிருந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முருகனிடமும் இவளே முந்திக்கொண்டாளே!