கால் படாமல் ஓர் எட்டு

"மூணு தடவை ஃபெயில் போட்டிருக்கார் அந்த இன்ஸ்பெக்டர்! மனுஷனா அவர்?" பைக் சாவியை எடுத்தபடி பொரிந்தாள் அவள்.

"எட்டுப் போடும்போது கால் தரையில பட்டா ஃபெயில்தானே?" ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவே இல்லை.

"ஒரு தடவை கண்டுக்காம விட்டா குடியா முழுகிடும்?"

அன்று டெஸ்ட்டில் பைக் வளைந்து வளைந்து அழகாக எட்டுப் போட்டது. கால் தரையைத் தொடவேயில்லை.

"பாஸ்!" என்றார் இன்ஸ்பெக்டர், உர்ரென்ற முகத்தோடு. "அடுத்த ஆள் வாங்க!"

மாலையில் லைசென்ஸ் கைக்கு வந்ததும், பைக்கிலிருந்த 'எல்' ஸ்டிக்கரை உரித்து எறிந்தாள். வேலை முடிந்து வெளியே வந்த இன்ஸ்பெக்டரிடம் இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள்.

"ஏறுங்க. வீடு போற வரைக்கும் உங்க கால் தரையில பட்டுது, ராத்திரி சாப்பாடு கிடையாது!"

வாயெல்லாம் பல்லாகப் பின் சீட்டில் ஏறினார் அவள் கணவர்.