அணைக்கு மேல் கிடைத்த நண்டு

குந்தா அணையின் மதிலில் மூடுபனி அசையாமல் நிற்கிறது. ஆற்றில் எங்கெங்கே நண்டுகள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க வந்த எல்சா வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அணைக்குக் கீழே பத்து நண்டுகள் அகப்பட்டன. மேலே, மூன்று நாள் தேடி ஒன்றே ஒன்று; அதை வேறொரு வாளியில் தனியாக வைத்திருந்தாள். "தனியாக் கெடந்துச்சுங்க. பாவம்னு அதுகளோட சேத்து உட்டுட்டனுங்க" என்கிறார் அணைக் காவலர் பாண்டியராஜ். பதினொன்றும் ஒரே பழுப்பு. மேலே கிடைத்தது எதுவென்று இனித் தெரியாது. கால்கள் பிளாஸ்டிக்கைக் கீறும் ஓசை ஓயவேயில்லை. 'அணைக்கு மேல்' என்று எழுதிய சீட்டு அவள் விரலிடுக்கில் நனைகிறது. குடும்பம் மேட்டுப்பாளையத்தில் இருக்க, பாண்டியராஜ் மட்டும் தங்கும் குவார்ட்டர்ஸின் கொடியில் ஒற்றைக் காக்கிச் சட்டை நான்கு நாளாகக் காயாமல் தொங்குகிறது. அவர் குனிந்து வாளியைப் பார்க்கிறார். "மறுபடியும் அதைத் தனியாப் போடணுங்களா, மேடம்?"